திங்கட்கிழமை வயிற்றுவலி

“திங்கக்கிழமையானா மட்டும் இந்தப் பிள்ளைங்களுக்கு எங்கேர்ந்து டீச்சர் வயித்துவலி வருது?”

மேரு என்ற ஊரில் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த அந்தத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர் திருச்செல்வம், கணினித் திரையை முறைத்தார். செவ்வாய் முதல் வெள்ளி வரை மாணவர் வருகை தொண்ணூற்றேழு விழுக்காடு. திங்களன்று மட்டும் கோடு தொபுக்கென்று எண்பதுக்கு விழுந்து கிடந்தது. நாளைக் காலை மாவட்டக் கல்வி இலாகாவில், முப்பது தலைமையாசிரியர்கள் முன்னால் அவர் இதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். நினைத்தாலே வியர்த்தது.

“ஞாயித்துக்கிழமை கல்யாணம், விருந்து. அதான் சார்” என்றார் துணைத் தலைமையாசிரியை டொரத்தி.

“வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது டீச்சர். டேட்டா பேசணும்! ஆடி மாசம் கல்யாணமே இல்ல. அப்பவும் இதே கதைதான்.”

கோர்ஸ் முடித்து வந்ததிலிருந்து மனிதருக்கு எதைத் தொட்டாலும் டேட்டாதான். கேண்டீனில் மீகோரெங் எத்தனை தட்டு போகிறது என்றுகூட வரைபடம் போட்டுவிட்டார்.

“தொழிற்பேட்டை லோரிங்களால ரோட்டுல ஜேமா இருக்குமோ?”

“ஜேம் தினமும்தான் இருக்கு லா! போன திங்கள் காலையில, வாராந்தர சபைக்கூடல்லகூட வருகையைப் பத்தி எவ்வளவு எடுத்துச் சொன்னேன்! வந்த பிள்ளைங்க அசையாம கேட்டாங்களே.”

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாரம் வாரமாகத் தோண்டினார். திடீரென்று துள்ளி எழுந்தார்.

“இங்க பாருங்க! ஆறாவது, பத்தாவது, பதினாலாவது, பதினெட்டாவது வாரம். இந்த நாலு திங்கள் மட்டும் தொண்ணூத்தெட்டு! அன்னிக்கு நாம ஏதோ சரியா செஞ்சிருக்கோம். அதையே வாரா வாரம் செஞ்சா போதும்!”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டொரத்தி பள்ளியின் தினக்குறிப்பேட்டை எடுத்து, அந்த நான்கு நாள்களையும் புரட்டினார். பிறகு டப்பென்று மூடினார்.

“என்ன செஞ்சோம் டீச்சர்?”

“வேணாம் சார். விட்டுடுங்க.”

“டேட்டாவுக்குப் பயப்படலாமா? எதுவா இருந்தாலும் வர்ற திங்கள்லேர்ந்து அப்படியே செய்யறோம். நாளைக்கு இலாகாவுலயும் அதைத்தான் சொல்லப் போறேன். சொல்லுங்க!”

டொரத்தி சிரிப்பை அடக்கப் படாத பாடுபட்டார்.

“அந்த நாலு நாளும் நீங்க பிரிக்பீல்ட்ஸ்ல டேட்டா கோர்ஸ்ல இருந்தீங்க சார். முந்தின வெள்ளிக்கிழமையே பிள்ளைங்களுக்கு அது தெரிஞ்சிடும். சபைக்கூடல்ல உங்களுக்குப் பதிலா நான்தான் பேசினேன்... நீங்க வெயில்ல நிக்க வச்சு முக்கால் மணி நேரம் பேசறதை, நான் அஞ்சே நிமிஷத்துல முடிச்சிட்டேன்!”