மூடாத முட்டைகள்

மிளகு பறிக்கிற ஏணியில் நிற்கிறார் சடையன். கீழே ஏரி வெயிலில் தகதகக்கிறது. கோரைக்குள் மிதக்கிற கூட்டில் முக்குளிப்பான் குருவி அடைகாக்கிறது. இரை தேடப் போகும்போதெல்லாம் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் அது தண்ணீரில் இறங்கும். காக்காய்க்குப் பயந்து செய்கிற வேலை. பத்து நாளாக மேலிருந்து பார்க்கிறார். இன்றைக்கு மலை பார்க்க வந்தவர்களின் ரப்பர் படகு கோரையை நோக்கிப் போகிறது. கோரைப் பக்கம் படகு போகக்கூடாது என்று கரையில் வனத்துறைக்காரர்கள் போர்டு நட்டிருக்கிறார்கள். நட்டவர்கள் அதன்பின் எட்டிப் பார்க்கவில்லை. பார்ப்பார்கள் என்று அவரும் நம்பவில்லை. முக்குளிப்பான் எழுந்து பாசியை இழுக்கத் தொடங்குகிறது. “ஏனுங்க, அங்க போகாதீங்க! குருவி முட்ட வெச்சிருக்குது!” படகிலிருக்கும் பெண் செல்போனைத் தூக்குகிறாள். “தாத்தா, ஹாய்! இங்க பாருங்க!” “ஹாயாவது கீயாவது! திரும்பித் தொலைங்க!” ஏணி ஆட, தொண்டை கிழியக் கத்துகிறார். படகு நின்றுவிடுகிறது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு மிரண்டு, பாசியைப் பாதியில் போட்டுவிட்டு முக்குளிப்பான் முங்கிவிடுகிறது. மூன்று முட்டைகளும் வெள்ளையாகத் தெரிகின்றன. பக்கத்து மரத்தில் காக்காய் கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறது. அதை விரட்ட வாயைத் திறக்கிறார் சடையன். கோரையோரம் முக்குளிப்பானின் தலை மெல்ல எழும்புகிறது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொள்கிறார்.