மூணு மில்லி

“மூணு மில்லிக்கு மேல வேணாம்” என்றார் பொன்னுச்சாமி.

“மூணெல்லாம் எந்த மூலைக்கு? ஆறாச் சொல்லுங்க” என்றாள் அவர் மனைவி பாண்டியம்மாள்.

ஒரு காலத்தில் அந்த வீட்டில் மில்லிக் கணக்கு பேசினால் அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். இப்போது பேச்சு பலகையின் அகலத்தைப் பற்றி. கூடத்து மேசையில் முக்கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு பாய்மரக் கப்பல் நின்றது. அடிப்பாகம் முடிந்து, பாய்மரமெல்லாம் தனியாகத் தயாராகிவிட்டது. மேல்தளத்துக்குப் பலகை ஒட்டுவதுதான் பாக்கி.

“நெசக் கப்பல்ல ஒரு பலகை ஒரு சாண் அகலம்கூட இருக்காது. நாம செய்றது அதுல அம்பதுல ஒரு பங்கு. மூணு மில்லிதேன் வரும். நீளமும் பன்னெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டுதேன்” என்றார் பொன்னுச்சாமி.

மகள் கோகிலா செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். “அய்யா, முந்நூறு துண்டு வருது! ஆறு மில்லியில முழு நீளமா ஒட்டுனா இருபத்தஞ்சே பலகைதான்.”

“முந்நூறுன்னா முந்நூறு. நமக்கு என்ன அவசரம், தாயி?”

“அவசரம் இல்லையா?” பாண்டியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “பன்னெண்டு நாள்ல இவளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வரும்போது அரைகுறையாவா நிக்கணும் உங்க கப்பல்?”

பொன்னுச்சாமி ராமேஸ்வரத்தில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். மயிரிழைக் கம்பியையும் பிசகாமல் சுற்றும் விரல்கள், குடியில் நடுங்க ஆரம்பித்துக் கடையே போயிற்று. ஈரல் தாங்காது என்று சொன்ன டாக்டர், கைக்கு ஏதாவது வேலை கொடுக்கச் சொன்னார். கோகிலாதான் இந்தக் கப்பலின் வரைபடத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தாள்.

ஆயுசுக்கும் தொடமாட்டேன் என்று அதற்கு முன் மூன்று தடவை சத்தியம் செய்திருந்தார். ஒன்றுகூட ஒரு மாதம் தாண்டவில்லை. அதனால், கப்பலுக்கு அடிக்கட்டை வைத்த அன்று அவர் தனியாகத் தேவிபட்டினம் போய்க் கடலில் முழுகி நவக்கிரகத்தைக் கும்பிட்டுவிட்டு வந்தபோது, என்ன வேண்டிக்கொண்டார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆனால் பத்து மாதமாக அவர் தொடவே இல்லை.

அந்தப் பத்து மாதத்தை ஊர் பார்க்க வேண்டும் என்பதுதான் பாண்டியம்மாளின் ஆசை. அவர் குளிக்கப் போன நேரம், ராமநாதபுரத்தில் மரக்கடை வைத்திருக்கும் வாவு முகம்மதுவுக்கு அவளே போன் போட்டாள்.

“பாய், மூணு மில்லின்னு சொன்னாகள்ல? அதை ஆறாவே அறுத்துருங்க. முழு நீளமா.”

மறுநாள் வந்து சேர்ந்த பலகைக் கட்டைப் பிரித்த பொன்னுச்சாமி, ஒரு பலகையை எடுத்து விரலில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இது தப்பு. மாத்திட்டு வாரேன்.”

“மாத்த ஏது நாளு? உக்காருங்க. நாங்களும் கூட ஒட்டுறோம்.”

அன்றிலிருந்து மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாண்டியம்மாள் பசை தடவினாள். கோகிலா பலகையை வைத்து அழுத்திப் பிடித்தாள். பொன்னுச்சாமி மட்டும், ஒட்டினதில் கோணல் இருக்கிறது என்று தினம் இரண்டு பலகையைப் பிய்த்தார்.

“எங்கன கோணல்? எனக்கு ஒண்ணும் தெரியலையே!” என்பாள் பாண்டியம்மாள். பிய்த்ததை வாங்கித் துடைத்து, அவளே மறுபடி ஒட்டிவிடுவாள். இருபத்தைந்து வருசத்தில் அந்த வீட்டில் மூவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

நிச்சயத்துக்கு முதல் நாள் மத்தியானம் கடைசிப் பலகையும் ஒட்டி, பாய்மரங்களை நட்டு, பாயைக் கட்டினார்கள். கோகிலா கை தட்டினாள். பொன்னுச்சாமி எழுந்து போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

மறுநாள் வந்த சம்பந்தி, தட்டு மாற்றுவதற்கு முன்பே கப்பலிடம் போய்விட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“மறைக்காமச் சொல்றேன், அண்ணே. உங்களைப் பத்தி ஒருமாதிரி காதுல விழுந்துச்சு. வரலாமா வேணாமான்னு யோசிச்சோம். குடிக்கிறவன் கை இப்படி வேலை செய்யுமா? இந்தக் கப்பலைப் பார்த்ததும் மனசு நெறைஞ்சு போச்சு.”

பாண்டியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொன்னுச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். தட்டு மாற்றினார்கள். கல்யாணத்தை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

சாப்பாடு முடிந்து அவர்கள் வேன் ஏறிப் போன பிறகு, பாண்டியம்மாள் கூடத்துக்கு வந்தாள். பொன்னுச்சாமி நாற்காலியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கப்பலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வேர்த்திருந்தது.

“பாத்தீகளா? உங்க பேச்சைக் கேட்டு மூணு மில்லி வாங்கியிருந்தா இன்னும் ரெண்டு மாசம் இழுத்திருக்கும். ஏன் இப்படி உக்காந்திருக்கீக? அதான் கப்பல் முடிஞ்சு போச்சே!”

“அது முடியுற வரைக்கும் தொடமாட்டேன்னுதானே சாமிகிட்டச் சொல்லியிருந்தேன், பாண்டியம்மா.”