எடை குறையும் கார்

யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில்தான் வெல்டர் தன் பந்தயக் காரின் டிக்கிக்குள் இன்னுமோர் ஈயத்தகட்டை வைத்து முடுக்கினார். அந்தத் தெருவில் யாரும் பார்க்காமல் ஒரு காரியம் நடந்துவிடுமா என்ன?

"என்னங்க சத்தம்?" உள்ளேயிருந்து மனைவி.

"ஒண்ணுமில்ல. ஸ்டெப்னி." டிக்கியைப் பூப்போல மூடினார். திருடனுக்குக்கூட அவ்வளவு நிதானம் வராது.

அவர் ஓட்டுவது 'கம்பெனி கார்' பிரிவில். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று நேர் ரோட்டில் ஒரே பாய்ச்சல். ஆனால் கார் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். ஓட்டுகிறவரை உள்ளே உட்காரவைத்துத்தான் எடை போடுவார்கள். சங்கம் வகுத்த எடைக்குக் குறைந்தால் ஈயத்தகடு வைத்து ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பது சட்டம்.

சட்டத்தில் தப்பில்லை. வெல்டரின் கார்தான் பந்தயத்துக்குப் பந்தயம் இளைத்துக்கொண்டே போனது. போன சீசனில் தகடே இல்லாமல் ஓடிய வண்டி, இப்போது டிக்கி நிறையத் தகடு. வெல்டிங் தெரிந்த கை வேறு. முன்பக்கம் உள்ளுக்குள் சுரண்டிவிட்டு, அந்த எடையைக் கொண்டுபோய்ப் பின்சக்கரத்துக்கு மேல் வைத்தால் வண்டி அம்பு மாதிரி கிளம்பாதா?

ஆளும் கொஞ்ச நாளாக ஒரு மாதிரிதான். ஐம்பதைத் தாண்டிய வயதில் தொப்பையைக் கரைத்து, பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு திரிந்தார். "ரேஸுக்காக வாயைக் கட்டுறார்" என்று மனைவி எதிர்வீட்டில் பெருமையடித்தாள். ஒல்லியாகி யாரை மயக்கப் போகிறாரோ என்று எதிர்வீடு பக்கத்துவீட்டில் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் தகரக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். புதுச் சட்டம்: இனி ஈயத்தகடு கூடாது. எடை குறைந்தால் காரைச் சுரண்டியதாகவே அர்த்தம், ஆயுளுக்கும் தடை. கொண்டுவந்தவர் சங்கத் தலைவரான டயர் கடைக்காரர். வெல்டரிடம் வரிசையாகத் தோற்றவர் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

வெல்டர் மட்டும் எழுந்து நின்றார். "இந்த சீசன் மட்டும் விட்டுடுங்க. அடுத்த சீசன்ல கொண்டு வாங்க, நான் எதிர்க்கவே மாட்டேன்."

"ஏன், மிச்சத்தையும் சுரண்டி முடிக்க டைம் வேணுமா?"

கொட்டகையே சிரித்தது. தலைவர் பெருந்தன்மையோடு கையமர்த்தினார். "காரணத்தைச் சொல்லுங்க வெல்டரே. நியாயமா இருந்தா யோசிப்போம்."

வெல்டர் முன்வரிசையில் இருந்த மைத்துனரைப் பார்த்தார். மனைவியின் தம்பி, சங்கத்தின் வண்டிப் பரிசோதகர். காதில் விழுந்ததை அப்படியே அக்காவிடம் போய் ஒப்பிக்கிற வாய். வெல்டர் ஏதோ சொல்ல வந்து, விழுங்கிவிட்டு உட்கார்ந்தார்.

கை தூக்கச் சொன்னார்கள். எல்லோர் கையும் மேலே போனது, மைத்துனருடையது உட்பட.

"இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்றார் தலைவர். வெளியே நின்ற காரின் தகடுகளைக் கழற்றி, வெல்டரை உள்ளே உட்காரவைத்து, காரை எடைமேடையில் ஏற்றினார்கள். முப்பது கிலோ குறைவு. தடையை அறிவித்த கையோடு தலைவர் டீ சொன்னார். கூட்டம் மொத்தமும் டீயின் பின்னால் போனது.

மைத்துனருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பானெட்டைத் திறந்தார், கதவுகளைத் தட்டிப் பார்த்தார், படுத்துக்கொண்டு அடியிலும் டார்ச் அடித்தார். வெல்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சீட்டிலேயே இருந்தார்.

"எல்லாமே கம்பெனி சரக்கு. எங்கதான் அத்தான் கை வச்சீங்க?"

"எங்கயும் வைக்கல."

"அப்ப முப்பது கிலோ ஆவியாப் போச்சா? கேக்கறவன் கேனையன்னு நினைச்சீங்களா? மானமே போச்சு. வீட்டுக்கு வந்து அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லத்தான் போறேன்."

வெல்டர் கதவைத் திறந்து இறங்கினார். இறங்குவதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

"இப்பப் பாரு."

காரைத் தனியாக எடை போடும் வழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. மைத்துனர் எடைமேடையின் எண்ணைப் பார்த்தார். கதவோரத்தில் கம்பெனி பொறித்திருந்த காரின் எடையையும் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான்.

ஒரு திருகு மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர், அப்போதுதான் காரை விட்டுவிட்டு அத்தானைப் பார்த்தார். சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் தள்ளி நின்றது.

"டாக்டர்... என்ன சொல்றார் அத்தான்?"

"அடுத்த சீசன் கிடையாதுங்கறார்."

கொட்டகைக்குள் இன்னொரு சிரிப்பு எழுந்து அடங்கியது. வெல்டர் கழற்றிப் போட்ட தகடுகளைக் குனிந்து பார்த்தார், தூக்கவில்லை.

"காரைச் சுரண்டிட்டேன்னே அக்காகிட்ட சொல்லிடு, மாப்ளே."