சோப்பு மட்டும் போடக் கூடாது

மூக்கின் ஓரத்தை அழுத்தியதும் அது வெளியே வந்தது. வெள்ளையாக, சேமியாத் துண்டு மாதிரி.

இருசப்பனுக்குக் குமட்டியது. பஞ்சில் துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த புள்ளிக்குப் போனான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சலூனில் அவன் பேஷியல் கற்றுக்கொண்டிருந்தான். முடி வெட்டுவது கைக்கு வந்துவிட்டது. முகம்தான் வரவில்லை. முகம் என்றால் வெறும் முகமா? பீளை, மூக்கு மயிர், புகையிலை நாற்றம், காதுக்குப் பின்னால் தேய்த்தால் திரண்டு வரும் அழுக்கு. ஒவ்வொருவரையும் முடித்ததும் ஓடிப்போய் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவுவான்.

கடைக்காரர் தனசேகரன் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். எதிரே கண்ணாடி இருக்கிறது, நீ மூஞ்சியைச் சுளிப்பது கஸ்டமருக்குத் தெரிகிறது, போன வாரம் ஒருத்தர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். இன்றைக்கும் சுளித்தால் நாளையிலிருந்து வர வேண்டாம்.

வராவிட்டால் திரும்பவும் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும். அதற்கு இந்த மூக்கே தேவலை.

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் ஆதிமூலம். அறுபது வயது இருக்கும். நாளைக்கு மகனுக்குக் கல்யாணம், மேடையில் போட்டோவுக்கு நிற்க வேண்டுமாம். மாப்பிள்ளையைவிட அப்பாவுக்குத்தான் அவசரம்.

"எந்த ஊரு தம்பி?" என்றார், கண் மேல் ஈரப் பஞ்சோடு.

"சேலம் பக்கம்ங்க."

ஆவி பிடித்ததில் தோல் ஊறிக் கொழகொழத்திருந்தது. வாயோரத்தில் வெற்றிலைச் சாறு காய்ந்திருந்தது. விரலால் அதையும் வழித்தான். கிரீமைத் தடவித் தாடைச் சதையைப் பிசைந்தபோது அவர் ஒரு ஏப்பம் விட்டார். பூண்டு. இருசப்பன் மூச்சை அடக்கிக்கொண்டான். கண்ணாடியில் அவன் முகம் கல்லாக இருந்தது.

எல்லாம் முடிந்து பஞ்சை எடுத்ததும் ஆதிமூலம் தன்னைத் தானே இடமும் வலமும் பார்த்துக்கொண்டார். முகம் பளபளவென்றிருந்தது.

"நாளைக்கு வரைக்கும் சோப்பு மட்டும் போட்டுடாதீங்க சார். மினுமினுப்பு போயிடும்" என்றார் தனசேகரன்.

"இன்னா கை தம்பி இது! அப்டியே தூக்கம் வந்துடுச்சி" என்றார் ஆதிமூலம், இருசப்பனைப் பார்த்து.

கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். இருசப்பனுக்கு வியர்த்து வழிவதைப் பார்த்துவிட்டுப் பாட்டிலை நீட்டினார்.

"இந்தா, குடி."

இருசப்பன் பாட்டிலை வாங்கவில்லை.

இடுப்பு தானாக வளைந்தது. இரண்டு கைகளும் சேர்ந்து குழிந்து வாய்க்குக் கீழே போய் நின்றன.

ஆதிமூலத்தின் கரும்புத் தோட்டத்தில் தண்ணீர் அப்படித்தான் கிடைக்கும். அவர் உயரத்திலிருந்து ஊற்றுவார். அம்மாவும் அவனும் சொம்பில் கை படாமல் குனிந்து ஏந்திக் குடிப்பார்கள். இன்றைக்கு அவர் கடைக்குள் நுழைந்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது; சேலம் என்று ஊரை மாற்றிச் சொன்னது அதனால்தான். அவருக்குத்தான் தெரியவில்லை. இவன் நிமிர்ந்து நின்று அவர் பார்த்ததே இல்லை.

குனிந்த பிறகுதான் தெரிந்தது.

"டேய், நீ சாலம்மா புள்ளதான?"

பாட்டில் கீழே இறங்கியது. அவர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உதட்டை.

எழுந்து நேராக வாஷ்பேசினுக்குப் போய்ச் சோப்பை எடுத்தார். நெற்றி, மூக்கு, வாய், கழுத்து என்று விடாமல் தேய்த்தார். "சார், சார், சோப்பு..." என்று தனசேகரன் பின்னாலேயே போனார். கண்ணாடியில் ஆதிமூலத்தின் முகம் சுளித்திருந்தது.

துண்டைக்கூடத் தொடாமல் ஈர முகத்தோடு வெளியேறினார்.

தனசேகரன் திரும்பி இருசப்பனின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒரு சுளிப்பும் இல்லை. காத்திருந்த அடுத்த ஆளை அவன் நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார்.

இருசப்பன் கை கழுவப் போனான். சோப்பு நுரையோடு கிடந்தது. அதில் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது.

அந்தச் சோப்பை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, புது சோப்பைப் பிரித்தான்.