வாங்காத கவர்

"இறங்கும்மா கீழே! பட்டப்பகல்ல எங்க போஸ்டரையே கிழிக்கிறியா?"

கட்சியின் பகுதிச் செயலாளர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

பக்கத்துக் கடை ஸ்டூலின்மேல் ஏறி நின்ற அந்த அம்மாள் இறங்குவதாக இல்லை. நகத்தாலேயே சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பசையும் விடுவதாக இல்லை.

போஸ்டரில் ஒரு பக்கம் தலைவர். மறு பக்கம் இருட்டுக்குள் ஓர் இளைஞனின் முகம். கண்ணைச் சுற்றிக் கறுப்பு, கன்னமெல்லாம் தாடி. நடுவில் கொட்டை எழுத்தில்: 'உங்கள் வாசல்வரை வந்துவிட்டான்! உங்கள் ஓட்டுதான் தாழ்ப்பாள்!'

பஸ் ஸ்டாண்டில் குண்டு வெடித்துப் பதினோரு பேர் செத்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்கு முன்னால், இந்தத் தடவை தலைவர் தேறமாட்டார் என்று அவருடைய டிரைவரே சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது சந்துக்குச் சந்து இந்த முகம்தான். ஜனங்கள் அதைப் பார்த்துப் பயந்து, பயந்து, தலைவர் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

"யாரைக் காப்பாத்த இதைக் கிழிக்கிறே?" என்று ஒருவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"இது என் பிள்ளைய்யா!"

கூட்டம் ஓரடி பின்னால் போனது. அடுத்த நொடி இரண்டடி முன்னால் வந்தது.

"அடிப்பாவி, இவனைப் பெத்தவ நீதானா?"

ஒரு செருப்பு பறந்து வந்து அவள் தோளில் விழுந்தது.

செயலாளருக்கு வாயெல்லாம் பல். "அடிக்காதீங்கப்பா, முகம் வீங்கிட்டா போட்டோ நல்லா வராது" என்றபடி அவளை எதிரே இருந்த ஸ்டூடியோவுக்குள் தள்ளிக்கொண்டு போனார். போஸ்டரைத் தயார் செய்ததும் அதே ஸ்டூடியோதான்.

"போட்டோக்காரரே, அதிர்ஷ்டத்தைப் பாருங்க! அவனோட அம்மாவே மாட்டிக்கிட்டா. இவளையும் சேர்த்து அடுத்த போஸ்டர் அடிச்சிடலாம்."

அவள் இடுப்பில் செருகியிருந்த கசங்கிய ரசீதை எடுத்துப் போட்டோக்காரரிடம் நீட்டினாள். ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"அவன் சட்டைப்பையில இருந்துச்சுன்னு ஆஸ்பத்திரியில கொடுத்தாங்க தம்பி. வேலைக்கு மனு போடணும்னு அன்னைக்குக் காலையில இங்கதான் போட்டோ எடுத்திருக்கான். சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லியிருப்பான். வந்திருக்க மாட்டானே..."

போட்டோக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"எந்த ஆஸ்பத்திரி? என்ன சட்டை?" என்றார் செயலாளர்.

"குண்டு வெடிச்சதுல செத்தவன்யா என் பிள்ளை! பதினோரு பேர்ல ஒருத்தன். நீங்கதானே உங்க தலைவரோட எங்க வீட்டுக்கு வந்தீங்க? அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. அஞ்சலிக் கூட்டத்துல வைக்கப் பையன் படம் வேணும்னு நீங்கதானே கேட்டீங்க? அதை வாங்கத்தான் வந்தேன். வந்தா, சுவர்ல நிக்கிறான். தாடி வரைஞ்சுட்டா பெத்தவளுக்குத் தெரியாதா?"

செயலாளர் அவளை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். அன்றைக்குப் பதினோரு வீடு ஏறி இறங்கினார்கள். கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது.

போட்டோக்காரர் அவரை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பார்த்ததும் பயப்படற மாதிரி ஒரு முகம், ஒரு மணி நேரத்துல வேணும்னு உயிரை எடுத்தீங்களே சார்! வாங்காம கிடந்த போட்டோ கவர்கள்ல ஒண்ணைப் பிரிச்சேன். வாங்க வராதவன், ஏன்னு கேட்கவும் வரமாட்டான்னு நினைச்சேன். தாடியும் இருட்டும் நான் போட்டதுதான். போஸ்டரை எடுத்துடுங்க சார். பாவம் பொல்லாதது."

"நாலு நாள்ல ஓட்டு. இப்ப எடுத்தா, ஏன் எடுத்தேன்னு எதிர்க்கட்சிக்காரன் கேட்கமாட்டானா?"

வெளியிலிருந்து அவள் குரல் கேட்டது. "தம்பி, படத்தைப் பெரிசாவே போடுங்க. நாளைக்கு மேடையில தலைவரே அவனுக்குப் பூ வைக்கட்டும். அதைப் பார்த்தா ஜனங்களுக்குப் புரிஞ்சிடும், என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லேன்னு."

செயலாளர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு வாசலுக்குப் போய்க் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இந்த அம்மாவை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. குண்டுவெடிப்புல பிள்ளையைப் பறிகொடுத்தவங்க. துக்கத்துல புத்தி தடுமாறிப்போச்சு. எந்த முகத்தைப் பார்த்தாலும் தன் பிள்ளை மாதிரியே தெரியுது."

கூட்டம் உருகிவிட்டது. செருப்பை வீசியவரே ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தார். "கட்சிக்காரரா இருந்தாலும் தங்கமான மனுஷன்" என்று யாரோ சொன்னார்கள்.

"இல்லய்யா, அது என் பிள்ளைதான். நிஜமாவே என் பிள்ளைதான்."

"சரிம்மா, சரிம்மா" என்று நாலு பெண்கள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

செயலாளர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"சார், நாளைக்கு மேடையில அந்தப் பையன் படத்தை வெச்சா, போஸ்டர்ல இருக்கறவன்தான் இவன்னு ஊரே கண்டுபிடிச்சிடுமே?" என்றார் போட்டோக்காரர். எப்படியாவது போஸ்டரைக் கிழித்துவிட மாட்டார்களா என்ற நப்பாசை அவருக்கு.

"போஸ்டர் ஐயாயிரம் ஒட்டியாச்சு. மேடையில வைக்கிறது ஒரே ஒரு படம். அதுல முகத்தை மாத்திடு."

போட்டோக்காரர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

செயலாளரே குனிந்து, வாங்காத கவர்கள் கிடந்த பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இந்தத் தடவை நல்ல பையன் மாதிரி ஒருத்தனாப் பார்த்து எடு."