சுருங்கும் வாசல்

சுவருக்குப் புற்றுமண் சேர்த்தால் நன்றாக இறுகும் என்று மண்வீடு கட்டும் பயிற்சியில் சொன்னார்கள். கரையானை விரட்டிவிட்டு அள்ள வேண்டும் என்றும் சொன்னார்களாம். அப்போது நான் டீ குடிக்கப் போயிருந்தேன். நானும் என் மனைவி கோமளமும் மிதித்துக் குழைத்துக் கட்டிய அறையில், விடிவதற்குள் வாசல் சன்னலளவு சுருங்கிவிட்டது. கோமளம் உள்ளே இருந்தாள். இடித்தால் கூரை அவள் தலையில் விழும். கடப்பாரையும் கையுமாக நான் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

“ஏறிக் குதிச்சு வந்துடு கோமளம், மூடிக்கிட்டே வருது!”

“இங்க குளுகுளுன்னு இருக்கு. நீங்க ஏன் கால்ல வெந்நி கொட்டுன மாதிரி அலையுறீங்க?”

மதியத்துக்குள் அது கை நுழையும் துளையானது. அதன் வழியே அவள் கை நீண்டது. பிடித்து இழுக்கப் பாய்ந்தேன். விரலெல்லாம் ஈரமண்.

“உள்ள மண்ணு தீந்துபோச்சு. இன்னும் ஒரு சட்டி குழைச்சுக் குடுங்க” என்றாள்.