பத்தடி முன்னால்

"இன்னாக்கா, உன் வூட்டுக்காரர் ரயிலைப் புடிக்கப் போறாரா? நீ பின்னாலயே ஓடிக்கினு கீறியே!"

முடிச்சூர் ரோட்டு முனையில் பூ விற்கும் எல்லம்மா கேட்டாள். சாமுண்டீஸ்வரிக்கு மூச்சு வாங்கியது. நின்று பதில் சொன்னால் கேசவன் இன்னும் பத்தடி முன்னே போய்விடுவார்.

"நீ பூவைப் பாரு" என்று சொல்லிவிட்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள்.

நாலு மாதமாக இதே கூத்துதான். சாயங்காலம் ஐந்தடித்தால், "சாமுண்டி, ஏரிக்கரைப் பிள்ளையாரைப் பார்த்துட்டு வரலாம் வா" என்பார். கேட்டைத் தாண்டும்வரைதான் அவர் புருஷன். தாண்டிவிட்டால் வெறும் முதுகு. வெள்ளைச் சட்டை போட்ட முதுகு.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்களேன்!"

"வா வா, தீபாராதனை முடிஞ்சிடும்."

அதையும் திரும்பாமலே சொல்வார். இத்தனைக்கும் அந்தக் கோயிலில் பூசாரி வருவதே ஆறரைக்கு மேல்தான். ரயில்வேயில் ரிடையர் ஆகி வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு அப்படி என்ன அவசரம்?

இவரா இப்படி என்றுதான் அவளுக்கு ஆறவில்லை.

கல்யாணமான புதிதில் திருநீர்மலைக்கு அழைத்துப் போனார். அப்போதெல்லாம் வழி நெடுக வயல். புருஷன் முன்னால் போக, பெண்டாட்டி தலையைக் குனிந்து பின்னால் போவதுதான் வழக்கம். இவர் பக்கத்தில் நடந்தார். அவள் சின்ன எட்டு வைத்தால் அவரும் சின்ன எட்டு. மலைப்படியில் நாலு படிக்கு ஒரு தரம், "கால் வலிக்குதா? உக்காரு" என்றார். எதிரே வந்த உறவுக்காரர்கள் பார்த்துவிட்டு வீட்டில் வந்து சொல்லி, மாமியார் பிடித்துக்கொண்டாள்.

"பொண்டாட்டியை ஒட்டிக்கினே நடக்கறியாமே, வெக்கமா இல்ல?"

"அவளுக்கு ஊர் புதுசும்மா" என்று சிரித்தார் அவர்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டாள் சாமுண்டீஸ்வரி.

இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. மாதவிலக்கு நின்று மூன்று வருஷம். போன தை மாதம் பாத்ரூமில் லேசாக வழுக்கியது. கையை ஊன்றினாள், அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர் செல்வமேரி, "எலும்பு மெலிஞ்சு போச்சும்மா" என்றார்.

கட்டு பிரித்த வாரத்திலிருந்துதான் கேசவன் முன்னால் ஓட ஆரம்பித்தார். நரைத்து, மெலிந்து, தொட்டால் உடைகிறவளோடு சேர்ந்து நடக்க வெட்கப்படுகிறாரோ? இதை யாரிடம் போய்ச் சொல்வது? சமைக்கும்போதெல்லாம் இதே நினைப்பு. இரண்டு தரம் சாம்பாரில் உப்புப் போட மறந்தாள்.

மறுநாள் கையைக் காட்ட டாக்டரிடம் தனியாகவே போனாள்.

"நல்லாவே பிடிக்கிறீங்களே!" அவள் கையைப் பற்றிக் குலுக்கினார் டாக்டர். "நடையெல்லாம் எப்படிப் போகுது?"

அவ்வளவுதான். அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது.

"அதை ஏன் கேக்கறீங்க டாக்டரம்மா! அந்த மனுஷன் என்னை ரோட்டுல நாய் மாதிரி ஓட விடறார். பூக்காரிகூட சிரிக்கறா. இன்னையோட சரி, இனிமே நான் வரலைன்னு சொல்லப்போறேன்."

டாக்டர் சிரித்துவிட்டார்.

"மாதவிலக்கு நின்ன பிறகு எலும்பு சீக்கிரம் மெலியும். மாத்திரை மட்டும் போதாது, தினம் அரை மணி நேரம் வேகமா நடங்கன்னு சொன்னேனே. அன்னைக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

சாமுண்டீஸ்வரி தலையைக் குனிந்தாள். "வீட்டுலயே நாள் பூரா நடக்கறேன். கையை வீசிக்கிட்டு ரோட்டுல சும்மா நடந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னு..."

"அதான் உங்க வீட்டுக்காரர் பிள்ளையாரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கிட்டார். 'பக்கத்துல நடந்தா கதை பேசிக்கிட்டு மெதுவா வருவா டாக்டர், முன்னால போனாத்தான் துரத்திக்கிட்டு வருவா'ன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சார்."

அவளுக்கு முகம் சூடானது. அசடு வழியச் சிரித்தாள். ஆனாலும் உள்ளே இருந்த முள் முழுசாக வெளியே வரவில்லை.

"சரி டாக்டரம்மா, வேகமா போகட்டும். ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தா என்ன? இவ வர்றாளா, விழுந்து கெடக்கறாளான்னு பார்க்க வேணாம்?"

டாக்டரின் சிரிப்பு நின்றது.

"அப்போ உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"எதை?"

"அவருக்கு ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போயிருக்கும்மா. வேகமா நடக்கவே கூடாதுன்னு சொல்லிப் பார்த்துட்டேன். வலிக்கு ஊசி போட்டுக்கிட்டுப் போய் நடக்கறார். திரும்பினா முகத்துல வலி தெரிஞ்சிடும், அதைப் பார்த்தா நீங்க நடக்கறதையே விட்டுடுவீங்களாம்."